குடியும் வலசையும்: 'பழங்குடி' என்ற சொல் நம் கரையில் எங்கே நிற்கிறது?

பாம்பன் சின்னப்பாலத்தில் ஒரு மதியம். கடற்பாசி எடுத்துவிட்டு வந்த ஓர் அக்கா தலைச்சுமையை மணலில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏந் தம்பி, எங்களயும் பழங்குடின்னு எழுதிட்டா தீவுப் பக்கம் போக விட்டுருவாங்களாமே, மெய்தானா?"

சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. நெற்றியில் ஏற்றிவிட்ட நீர்க்கண்ணாடி. விரல் நுனிகளில் சுற்றிய துணியை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. பாறையோடு ஒட்டி முளைக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிப் பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்கத்தான் அந்தச் சுற்று. அப்படியும் நகக்கண் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் ஊறி வெடித்திருந்தது.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருந்தன. பழங்குடி என்றால் யார்? அப்படி எழுதுவது யார்? எழுதினால் எந்தக் கதவு திறக்கும்? இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் நம் கரையில் வீண் நம்பிக்கையும் வீண் மனக்கசப்பும் நிறைய உண்டாகியிருக்கின்றன. அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

'பழங்குடி' திருக்குறளில் இருக்கும் சொல். குடிமை அதிகாரத்தில், 955ஆம் குறள்: "வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று." கொடுக்கும் வளம் சுருங்கிப்போனாலும் பழங்குடியில் பிறந்தவர் தம் பண்பிலிருந்து நீங்கமாட்டார் என்பது பொருள். இங்கே பழங்குடி யார் என்று பரிமேலழகர் எடுத்துக்காட்டுகிறார்: சேர, சோழ, பாண்டியர் போலத் தொன்றுதொட்டு மேம்பட்டு வருபவர்கள். அதாவது முடிமன்னர் குலம்! சிலப்பதிகாரம் தொடக்கத்திலேயே புகார் நகரத்தைப் "பதியெழு அறியாப் பழங்குடி" நிறைந்த ஊர் என்று புகழ்கிறது. தம் ஊரைவிட்டுப் பெயர்ந்து போகவேண்டிய நிலையையே அறியாத குடிகள் என்று பொருள். புகார் கடற்கரைப் பட்டினம் என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் 'பழங்குடி' என்ற சொல் பெருமையோடு ஒலித்த இடங்களில் ஒன்று கடலோரம்.

அந்தச் சொல்தான் பிற்காலத்தில் ஆங்கிலத்தின் 'ட்ரைப்' என்ற சொல்லுக்கு ஈடாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அதன் முகம் மலைப்பக்கம் திரும்பிவிட்டது. இன்று பழங்குடி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நீலகிரியும் கொல்லிமலையும் நினைவுக்கு வருமே தவிர, தொண்டியும் மூக்கையூரும் வராது. 'ட்ரைப்' கதையும் ஏறக்குறைய இதேதான். லத்தீனில் 'ட்ரிபுஸ்' என்பது ரோமானியக் குடிமக்களை வகுத்த பிரிவின் பெயர். வெள்ளைக்காரர்கள் பிற கண்டங்களில் கண்ட மக்களை அதே சொல்லால் அழைத்தபோது, அதில் 'நாகரிகம் எட்டாதவர்கள்' என்ற நெடி ஏறிக்கொண்டது.

'குடி' தனியாக நிற்கும்போது இன்னும் விரியும். வீடு, குடும்பம், குலம், ஊர், உழுபவர் என்று எல்லாமே குடிதான். "துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை" என்று புறநானூற்றின் 335ஆம் பாடல் சொல்கிறது. அங்கே மேல் கீழ் என்ற பேச்சில்லை. இந்நிலத்துக்குரிய குடிகள் இவர்களே என்ற உறுதிதான் இருக்கிறது.

நம் மாவட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சாயல்குடி, பரமக்குடி என்று குடியில் முடியும் ஊர்கள். அதே வரைபடத்தில் பிரப்பன்வலசை, குஞ்சார்வலசை என்று வலசையில் முடியும் ஊர்கள். குடி என்பது ஊன்றி நிற்பது. வலசை என்பது பஞ்சத்துக்கோ பகைக்கோ அஞ்சி ஊரைவிட்டுப் போவது, போன இடத்தில் இறங்குவது. மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால், நின்றவர்களும் வந்தவர்களும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் கரை இது என்பது புரியும். "உங்க பூர்வீகம் எது?" என்று இங்கே யாரும் யாரையும் கேட்கலாம். கேட்டால் மூன்று தலைமுறைக்கு முந்தைய ஓர் ஊரின் பெயர் வரும். தங்கச்சிமடத்தில் வீடு கட்டி ஐம்பது வருடம் ஆன பெரியவர் "பூர்வீகம் தனுஷ்கோடி" என்பார். 1964 டிசம்பர் புயல் அவரை ஒரே இரவில் வலசைக்காரராக்கியது.

அதனால்தான் 'முதலில் வந்தவர் யார்' என்ற கேள்வியை மட்டும் வைத்துப் பழங்குடியை அளக்க முடியாது என்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் முதுவர்கள் அரசுப் பட்டியலில் பழங்குடி. தம் முன்னோர் மதுரையிலிருந்து சாமியையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் மரபுக்கதை. முதுகிலிருந்து முதுவர். தாமே வலசை வந்ததாகச் சொல்லும் ஒரு மக்கள் பழங்குடியாக இருப்பதில் முரண் எதுவும் இல்லை. காலக்கணக்கைக் காட்டிலும், ஒரு நிலத்தோடு பிழைப்பாலும் அறிவாலும் வழக்காறாலும் பின்னிக்கிடப்பதும், பின்னால் வந்த அரசோ சந்தையோ அந்தப் பின்னலை அறுத்ததும்தான் முக்கியம். உலக அளவில் இன்று பூர்வகுடி உரிமை பேசுபவர்களும் இந்த இரண்டையும்தான் அழுத்திச் சொல்கிறார்கள்.

'ஆதிவாசி' என்ற சொல்லுக்கு வேறு பிறப்பு. ஆதி முதல் வாழ்பவர் என்ற பொருளில் இன்றைய ஜார்க்கண்டை ஒட்டிய சோட்டா நாக்பூர் பகுதியில் அந்த மக்களின் அரசியல் இயக்கத்தோடு சேர்ந்து எழுந்த சொல் அது. 1938இல் ஆதிவாசி மகாசபை உருவானது. அடுத்த ஆண்டு ஜெய்பால் சிங் முண்டா அதன் தலைவரானார். பின்னர் அரசியல் நிர்ணய சபைக்குப் போன அவர், சட்டத்திலும் தம் மக்களை ஆதிவாசி என்றே குறிக்கவேண்டும் என்று வாதாடினார். அம்பேத்கர் அதற்குச் சொன்ன விடையை நாம் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும். ஆதிவாசி என்பது பொதுச்சொல், அதற்குச் சட்டப்படி வரையறுத்த பொருள் கிடையாது. 'அட்டவணைப் பழங்குடி' என்றால் இன்னின்ன மக்கள் என்று பெயர் பெயராக எழுதிவைத்த பட்டியல் இருக்கும், ஆகவே அதற்கு நிலையான பொருள் உண்டு என்றார். இருவர் சொன்னதும் சரி. ஜெய்பால் சிங் கேட்டது மானம். அம்பேத்கர் தந்தது பிடிமானம். இன்றுவரை இந்த இரண்டு சொற்களும் இரண்டு வேலை செய்கின்றன.

'வனவாசி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பல ஆதிவாசி அமைப்புகள் அதை ஏற்பதில்லை. ஆதிவாசியில் இருக்கும் 'முதல்' என்ற உரிமை அதில் போய்விடுகிறது, காட்டில் இருப்பவர் என்ற தகவல்தான் மிஞ்சுகிறது என்பது அவர்கள் வாதம். தமிழ்க் காதுக்கு இன்னொன்றும் கேட்கும். ராமர் கதை ஊறிய ராமேஸ்வரம் தீவில் வனவாசம் என்றால் தண்டனை. நாடிழந்து காட்டுக்குப் போவது. காட்டைத் தாய்வீடாகக் கொண்டவரை அந்தச் சொல்லால் அழைப்பது எப்படிப் பொருந்தும்? 'காட்டுவாசி' பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை நாம் திட்டுவதற்குத்தான் எடுக்கிறோம்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். அரசியலமைப்பின் 342ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் வெளியிடும் ஆணையில் பெயர் இருந்தால்தான் ஒரு சமூகம் சட்டத்தின் கண்ணில் பழங்குடி. முதல் ஆணை 1950இல் வந்தது. அதில் சேர்க்கவும் நீக்கவும் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். பட்டியலில் உள்ள பெயரை உள்ளபடியே படிக்கவேண்டும், 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றுதான்' என்று நீதிமன்றம் விசாரித்து நீட்டிக்கொண்டு போக முடியாது என்று 2000ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஓர் எழுத்து பிசகினாலும் ஒரு குடும்பத்தின் படிப்பு பிசகும் என்பது இதனால்தான்.

பெயர் மட்டுமல்ல, ஊரும் பிசகலாம். 'மலையாளி' என்ற பழங்குடியினர் கேரளத்துக்காரர்கள் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பெயரோடு தமிழ் பேசி வாழும் மக்கள். தருமபுரி, சேலம் என்று மாவட்டப் பெயர்களைச் சொல்லித்தான் ஆணை அவர்களைச் சேர்த்தது. அதில் ஈரோடு இல்லை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே மக்கள் அதே பெயரோடு வாழ்ந்தும் அந்த எல்லைக்கோடு அவர்களை வெளியே நிறுத்தியது. நம் கரையில் இதற்கு நேரான ஒன்று பட்டியல் சாதிகளின் வரிசையில் உண்டு. 'கடையர்' என்ற பெயர் அந்த வரிசையில் இருக்கிறது. ஆனால் அடைப்புக்குள் ஒரு விலக்கு: திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடற்கரைப் பகுதி நீங்கலாக. ஒரே பெயர், மேட்டில் ஒரு சான்றிதழ், கரையில் வேறு சான்றிதழ். கடற்கரைக் கடையரும் உள்நாட்டுக் கடையரும் வேறு வேறு மக்கள் என்ற எண்ணம் அந்த விலக்கின் பின்னே இருக்கிறது. ஆனால் பிள்ளையின் சாதிச் சான்றுக்காக இ-சேவை மையத்தின் வாசலில் நிற்கும் தாய்க்கு இதை யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. "உங்களுக்கு வராதும்மா" என்ற ஒற்றை வரியோடு திரும்பிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சொல் 'சீர்மரபினர்'. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே மக்களைக் குற்றவாளியாக்கியது. அது 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு 1947இல் இங்கே ஒழிந்தது. அதில் சிக்கிய சமூகங்களுக்கு வந்த புதுப்பெயர்தான் இது. ராமநாதபுரம் மாவட்டத்து ஆப்பநாடு கொண்டையங்கோட்டை மறவரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். சீர்மரபினரைச் 'சமூகம்' என்று எழுதுவதா, 'பழங்குடி' என்று எழுதுவதா என்பதில் பல ஆண்டுகள் போராட்டம் நடந்து, 2019இல் 'சீர்மரபினர் பழங்குடி' என்று குறிக்க அரசாணை வந்தது. இந்தப் 'பழங்குடி'யும் 342ஆவது பிரிவின் பழங்குடியும் ஒன்றல்ல. அது தெரியாமல் எஸ்.டி. (பட்டியல் பழங்குடி) சலுகை கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

ராமேஸ்வரம் கோயில் ரத வீதிகளில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் கதைதான் என்னை அதிகம் வருத்தியது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965இல் மத்திய அரசு அமைத்த லோக்கூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2022 டிசம்பரில். நடுவே ஐம்பத்தேழு ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறைப் பிள்ளைகள். சேர்த்தபோதும் ஆணையில் ஏறிய பெயர் 'நரிக்குறவன்', 'குருவிக்காரன்'. நரியும் குருவியும் மற்றவர்கள் அவர்கள் மேல் ஒட்டிய அடையாளம். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் 'வாக்ரி'. பேசும் மொழி வாக்ரிபோலி. பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். நரிக்குறவன், காட்டுநாயக்கன், பணியன் என்று ஆணை 'ன்' போட்டு எழுதும். நாம் 'ர்' போட்டுச் சொல்வோம். தமிழில் மரியாதை அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. அரசுத் தாளில் அதை மாற்ற நாடாளுமன்றம் கூடவேண்டும். நம் வாயில் மாற்ற யாரும் கூடவேண்டியதில்லை.

அடுத்தவர் வைத்த பெயர், தானே சொல்லும் பெயர் என்ற இந்தப் பிளவு உலகெங்கும் உண்டு. கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த தப்பில் பிறந்தது 'இந்தியர்'. நாம் அதைச் 'செவ்விந்தியர்' என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். பனிநிலத்து மக்களை எஸ்கிமோ என்று படித்தோம். அவர்கள் தங்களைச் சொல்வது 'இனுயிட்', அவர்கள் மொழியில் மனிதர்கள் என்று பொருள். ஜப்பானின் 'ஐனு' என்றாலும் மனிதர். நம் நீலகிரித் தோடர்கள் தங்களைச் சொல்லும் 'ஓள்' என்பதும் மனிதரே. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மக்கள் தம்மை மனிதர் என்று சொல்லிக்கொண்டிருக்க, வந்தவர்கள் வேறு வேறு பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் வழங்கிய 'அபாரிஜின்' லத்தீனிலிருந்து வந்தது. தொடக்கம் முதல் இருப்பவர் என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான மொழி பேசிய தனித்தனி மக்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டது அந்தச் சொல். எதிர்க்கரையான இலங்கையில், நாம் வேடர் என்பவர்கள் தங்களை 'வன்னியலெத்தோ' என்கிறார்கள். கிழக்கு மாகாணத்தில் வாகரைப் பக்கம் கடலோரமாகத் தமிழ் பேசி வாழும் வேடரும் உண்டு. பழங்குடி என்றால் மலை, காடு என்று நினைப்பவர்கள் அவர்களை ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம்.

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகளின் ஆதரவோடு ஏற்றது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் விடுதலைக்குப் பிறகு இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. எல்லோரும் பூர்வகுடி என்றால் யாருக்கும் தனியுரிமை இல்லை என்றாகிவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை.

கடலுக்குத் திரும்புகிறேன். மீனவர்களைக் கடல் பழங்குடியாக அறிவிக்கவேண்டும் என்ற குரல் இந்தக் கரையில் பழையது. தேர்தல் நேரத்தில் கட்சிகளும் அதை எடுத்துக்கொள்கின்றன. சிக்குவது எங்கே? லோக்கூர் குழு ஐந்து அளவுகோல் வைத்தது: தொன்மைக் கூறுகள், தனிப்பண்பாடு, புவியியல் தனிமை, பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இன்றும் பட்டியலில் சேர்க்கும்போது இவற்றைத்தான் பார்க்கிறார்கள். இவை மலையைப் பார்த்தபடி வகுத்தவை என்பது படித்தவுடன் தெரியும். விடியுமுன் பிடித்த மீனை விடிந்ததும் ஏலக்கூடத்தில் விற்காவிட்டால் அது அழுகிப்போகும். ஆகவே மீனவர் சந்தையோடு பேசியே ஆகவேண்டும். 'கூச்சம்' என்ற கட்டத்தில் அவருக்கு மதிப்பெண் கிடையாது. நெய்தலில் பரதவர், நுளையர், அளவர் என்று நம் இலக்கணமும் நிகண்டும் அவர்களுக்குத் தனித்திணையே கொடுத்திருக்கின்றன. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுக்கும் அவர்களிடம் தனிச் சொல்லகராதி இருக்கிறது. தனிப்பண்பாடு என்ற அளவுகோலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் தராசில் கடல் தோற்றுவிடுகிறது. பிறரோடு பழகக் கூசுவதை ஒரு மக்களின் அடையாளமாக 2020களிலும் கேட்டுக்கொண்டிருப்பது மலைமக்களுக்கும் அவமதிப்பு என்பது என் கருத்து.

அக்காவின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அப்போதிருந்து தீவுகளில் இறங்குவதும் அவற்றின் ஓரம் பாசி எடுப்பதும் தடைக்குள் வந்துவிட்டது. 'பழங்குடி' என்று சான்றிதழ் வாங்கினால் மட்டும் அந்தத் தடை விலகாது. சான்றிதழ் படிப்புக்கும் வேலைக்கும் உதவும். தீவுக்கு வழி வேறு.

அந்த வழி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மங்கலாகத் தெரிகிறது. பட்டியல் பழங்குடியினரோடு 'பிற பாரம்பரிய வனவாழ்வோர்' என்று இன்னொரு பிரிவையும் அச்சட்டம் ஏற்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தில் வாழ்ந்து அதைச் சார்ந்து பிழைத்திருக்கவேண்டும். வன நிலம் என்பதற்குள் தேசியப் பூங்காக்களையும் சேர்த்திருக்கிறது. சமூக உரிமைகளில் மீனும் நீர்நிலைப் பொருள்களும் வெளிப்படையாகவே இருக்கின்றன. பாசி நீரில் விளைவதுதானே? முட்டுக்கட்டை 'வனத்தில் வாழ்ந்து' என்ற இடத்தில் வரும். பாசி எடுப்பவர்கள் தீவில் குடியிருப்பவர்கள் அல்லர். கரையில் குடியிருந்து கடலில் பிழைப்பவர்கள். தடை போடும்போது கடலும் பூங்காவாகி வனத்தின் கணக்கில் வருகிறது. உரிமை கேட்கும்போது அதைச் சார்ந்தவர் வனவாழ்வோர் கணக்கில் வருவது கடினமாகிறது. கடலைச் சார்ந்து வாழ்பவருக்கென்று இப்படி ஓர் உரிமைச் சட்டம் நம்மிடம் இல்லை. என்னைக் கேட்டால், பட்டியலில் இடம் கேட்பதற்கு நிகராக இந்த உரிமையையும் கேட்கவேண்டும்.

இதையெல்லாம் முடிந்தவரை எளிதாக அக்காவிடம் சொன்னேன். அவர் விரல் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே கேட்டார். இவர்களுக்கென்று கட்டுப்பாடு இல்லாமலில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, மீன் இனப்பெருக்க காலத்தில் நிறுத்திக்கொள்வது, பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட முறை அது.

"அப்ப எங்கள என்னன்னு எழுதுவீக?" என்றார்.

"நீங்க என்னக்கா சொல்லுவீங்க?"

"பாசிக்குப் போறவுகன்னுதான் சொல்லுவோம். எங்காத்தா போச்சு, அதோட ஆத்தாவும் போச்சு." பிறகு, எழுதிக்கொள் என்பது போல, துணி நீங்கிய விரல்களை மடக்கி மடக்கி வரிசையாகச் சொன்னார்: சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு.